கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே

500 படுக்கைகளும் நிரம்பிய ஒரு பொது மருத்துவமனையில் தினமும் சராசரியாக இரண்டு நோயாளிகள் கீழே விழுகிறார்கள் என்றால் பலருக்கு நம்பிக்கை வராது. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. ஒருவர் ஒரு நாள் ஒரு கட்டிலில் இருந்தால் அதை ஒரு படுக்கை நாள் என்பார்கள். விழுதல்களை ஒழுங்காகப் பதிவு செய்யும் நாடுகளில் ஆயிரம் படுக்கை நாட்களுக்கு 3 முதல் 5 விழுதல்கள் என்ற அளவே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆண்டுக்குச் சுமார் 2.5 லட்சம் விழுதல்கள் பதிவாகின்றன. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7 லட்சம் முதல் 10 லட்சம் பேர் மருத்துவமனைக்குள் விழுவதாக மதிப்பிடுகிறார்கள். விழுகிறவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு காயம் ஏற்படுகிறது. அநேகமாகச் சிராய்ப்பு, வீக்கம் என்ற அளவில் போய்விடும். சிலருக்கு இடுப்பெலும்பு முறியும், சிலருக்குத் தலைக்குள் ரத்தம் கசியும். சளிக் காய்ச்சலுக்குச் சேர்த்த பெரியவர் காய்ச்சல் தணிந்து, இடுப்பு முறிந்து வீடு திரும்பும் கதை நம்மில் பலருடைய குடும்பங்களில் உண்டு.

விழுதல் என்றதும் ஈரத் தரையும் வழுக்கலும்தான் நினைவுக்கு வருகின்றன. 'வழுக்கும், கவனம்' என்று எழுதிய மஞ்சள் பலகையை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று மருத்துவமனைகளும் கருதுகின்றன. கனடாவில் இந்தப் பிரச்சினையை ஆராய்ந்த செவிலியர் ஆய்வாளர் ஜேனிஸ் மோர்ஸ், 1980-களில் மருத்துவமனை விழுதல்களை மூன்றாகப் பிரித்தார். வழுக்கல், தடுக்கல் போன்ற விபத்துகள் 14 சதவீதம்தான். திடீர் மாரடைப்பு, வலிப்பு என்று யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாதவை 8 சதவீதம். மீதி 78 சதவீதம் நோயாளியின் உடல்நிலையைப் பார்த்தாலே எதிர்பார்த்திருக்கக்கூடியவை. தளர்ந்த நடை, குழம்பிய மனம், மருந்து மயக்கம், அடக்க முடியாத சிறுநீர் ஆகியவை இந்த வகையில் வருகின்றன. ஆக, நான்கில் மூன்று விழுதல்களுக்குத் தரை காரணம் இல்லை.

முதியவர் ஒருவர் தன் பலவீனங்களோடு மருத்துவமனைக்குள் வருகிறார். மருத்துவமனை அவற்றோடு புதிதாகச் சிலவற்றைச் சேர்க்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அவர் விழுகிறார். முதல் பாதியைப் பற்றி ஏராளமாகப் பேசப்பட்டிருக்கிறது. இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுவதற்குத்தான் எல்லோருக்கும் தயக்கம்.

அதிகாலை மூன்று மணி

எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். 74 வயதுக்காரர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடங்களாக உண்டு. நுரையீரல் தொற்று என்று சேர்த்து மூன்றாம் இரவு. மணி மூன்று. சிறுநீர் முட்டுகிறது. துணைக்கு இருக்கும் மகன் கட்டிலுக்குக் கீழே பாயில் அயர்ந்து தூங்குகிறான். பகலெல்லாம் மருந்துக் கடைக்கும் ஸ்கேன் அறைக்கும் அலைந்தவனை எழுப்ப மனம் வரவில்லை. பத்தடி தூரம்தானே என்று எழுந்து உட்காருகிறார்.

இந்தப் பத்தடிக்குள் என்னென்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கண்டுகொண்டு, இதயத்தை வேகமாகத் துடிக்கவும் ரத்தக் குழாய்களைச் சுருங்கவும் செய்துவிடும். இளைஞருக்கு இது சில நொடிகளில் முடிந்துவிடுகிற வேலை. முதுமையில் அதே வேலை மந்தமாக நடக்கிறது. நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளைப் பழுதாக்கியிருந்தால் இன்னும் மந்தம். காய்ச்சலில் மூன்று நாட்களாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, உடலில் நீர் குறைந்திருக்கிறது. வீட்டில் சாப்பிட்ட அழுத்த மாத்திரைகளை அதே அளவில் இங்கேயும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் போன்ற மாத்திரையும் ரத்தக் குழாய்களைத் தளர்த்தக்கூடியது. எல்லாம் சேர்ந்து, அவர் நின்ற ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் சரிகிறது. மூளைக்கு ரத்தம் குறைகிறது. கண் இருட்டுகிறது.

அவர் விழ இது ஒன்றே போதும். அதோடு நிற்பதும் இல்லை. கையில் டிரிப்ஸ் குழாய். அது மாட்டியிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கம்பிக்குச் சக்கரம் உண்டு, பாரம் சாய்ந்தால் அது நகரும். கட்டில் வீட்டுக் கட்டிலைவிட உயரம். நர்ஸ் குனியாமல் ஊசி போடுவதற்கு வசதியாக வைத்த உயரம் அது. கால் தரையைத் தொடுவதற்குள் உடல் முன்னால் சாய்ந்துவிடுகிறது. வீட்டில் கழிப்பறைக்குப் போக இடப்பக்கம் திரும்புவார், இங்கே வலப்பக்கம். மூக்குக் கண்ணாடி தொலைந்துபோகும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். செருப்பு கட்டிலுக்கு அடியில் எங்கோ தள்ளிக் கிடக்கிறது. தூக்கம் வரவில்லை என்று சொன்னதற்காக ஒன்பது மணிக்குக் கொடுத்த அல்பிரசோலம் இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. கழிப்பறை வரை தப்பிப் போய்விட்டாலும் ஆபத்து தீரவில்லை. நின்றபடி சிறுநீர் கழிக்கும் ஆண்களுக்கு இரவு நேரத்தில் அந்தக் கணத்திலேயே மயக்கம் வருவதுண்டு.

காலையில் பதிவேட்டில், 'நோயாளி யாருக்கும் சொல்லாமல் எழுந்து சென்று விழுந்தார்' என்று எழுதப்படும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்து அடுத்த விழுதலைத் தடுக்க ஒரு வழியும் கிடைக்காது.

இதில் எளிதாகக் கண்டுபிடித்திருக்கக்கூடியது அழுத்தச் சரிவு. படுத்த நிலையில் ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சரிவு. ஐந்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் வார்டில் அழுத்தம் பார்ப்பது என்றால் படுத்தபடியே பார்ப்பது என்றாகிவிட்டது. அட்டையில் 130/80 என்று அழகாக எழுதியிருக்கும். நோயாளி விழுவதோ நின்ற பிறகு.

மாத்திரைகளின் பங்கு

விழுதலுக்கு வழிவகுக்கும் மருந்துகளின் பட்டியல் நீளமானது. அதில் முதலிடம் தூக்க மாத்திரைகளுக்கும் பதற்றத்துக்கான மாத்திரைகளுக்கும்தான். அல்பிரசோலம், குளோனாசெபாம், சோல்பிடெம் எல்லாம் இந்த வகை. மனநோய் மருந்துகள், மனச்சோர்வு மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மருந்துகள் அடுத்து வருகின்றன. பலரும் சந்தேகிக்காத ஒன்று அலர்ஜிக்கும் சளிக்கும் கொடுக்கும் பழைய வகை மருந்துகள். ரத்தம் ஏற்றும் முன் போடுகிற அவில் ஊசியும், குளோர்பெனிரமின் கலந்த இருமல் மருந்தும் இளைஞருக்கு லேசான தூக்கத்தைத் தருவதோடு சரி. எண்பது வயதுக்காரருக்கு அவை வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் எல்லாவற்றையும் கொண்டுவரக்கூடும்.

மருந்தைப் போலவே அதைக் கொடுக்கும் நேரமும் முக்கியம். இதய நோயாளிகளுக்கு நீர் இறங்கக் கொடுக்கும் லேசிக்ஸ் மாத்திரையின் வேலை ஒரு மணி நேரத்தில் தொடங்கி ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டாவது வேளையை மதியம் இரண்டு மணிக்குக் கொடுத்தால் இரவு எட்டு மணிக்குள் கழிப்பறைப் பயணங்கள் முடிந்துவிடும். மாலை மருந்துச் சுற்றில் எட்டு மணிக்குக் கொடுத்தால் நள்ளிரவு முழுவதும் நடைதான். மருந்தை மாற்றத் தேவையில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். சர்க்கரை விஷயமும் இப்படித்தான். வழக்கமான இன்சுலினைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று சாப்பாட்டை அவர் ஒதுக்கிவைத்ததை யாரும் கவனிக்காவிட்டால், நள்ளிரவில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்து, நடுங்கி, தடுமாறி எழுந்திருப்பார்.

குழம்பும் மனம்

விழுதலுக்கான காரணங்களில் மிக அதிகமாகத் தவறவிடப்படுவது எது என்று கேட்டால், டெலிரியம் என்றுதான் சொல்வேன். தொற்று, அறுவைச் சிகிச்சை, உப்புச் சத்துக் குறைவு, மலச்சிக்கல், மருந்து, தூக்கமின்மை ஆகியவற்றில் ஏதோ ஒன்றோ பலவோ சேர்ந்து ஓரிரு நாட்களுக்குள் மனம் தடுமாறுவதுதான் இது. நேற்று வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் இன்று மகளைத் தன் அக்கா என்று கூப்பிடுகிறார், கையிலிருக்கும் ஊசியைப் பிடுங்குகிறார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்திருக்கப் பார்க்கிறார். காலையில் மருத்துவர் சுற்றுக்கு வரும்போது ஓரளவு சரியாகிவிடுகிறார். நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவது இந்த நோயின் இயல்பு. அதனால் இரவில் குடும்பத்தினர் பார்த்ததைப் பகலில் மருத்துவர் பார்ப்பதே இல்லை.

கலவரப்படுத்துபவர்களையாவது எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. நோயாளி சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருப்பார், கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார், சாப்பாடு வேண்டாம் என்பார். தொந்தரவு கொடுக்காத நல்ல நோயாளி என்று பெயர் வாங்கிவிடுவார். அவரும் டெலிரியத்தில் இருக்கக்கூடும். திடீரென்று ஒரு வேகத்தில் எழுந்தால் தன் கால் தாங்குமா தாங்காதா என்ற கணிப்பே அவருக்கு இருக்காது.

"வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துபோவது வீட்டாரும் வார்டும் சேர்ந்து செய்யும் பெரிய பிழை. கலவரத்தை அடக்க ஒரு மயக்க ஊசி போடுவது அடுத்த பிழை. கட்டிப்போடுவது அதற்கும் அடுத்தது. கைகளைக் கட்டினால் குழப்பம் இன்னும் கூடுகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. உண்மையில் உதவுபவை சாதாரணமானவை. கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் போட்டுவிடுவது, இரவில் விளக்கைக் குறைத்துப் பகலில் ஜன்னலைத் திறப்பது, இன்ன ஊர், இன்ன கிழமை என்று அடிக்கடி சொல்வது, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது, மலமும் சிறுநீரும் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது. இவற்றோடு, அடியில் இருக்கும் தொற்றையோ உப்புக் குறைவையோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மதிப்பெண் அட்டை

தரச் சான்றிதழ் வாங்கிய மருத்துவமனைகளில் சேர்ந்தவுடன் நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்புவார். பெரும்பாலும் அது மேலே சொன்ன மோர்ஸ் வகுத்த அளவுகோலாக இருக்கும். ஆறு கேள்விகள். முன்பு விழுந்ததுண்டு என்றால் 25, இரண்டாவது நோய் ஒன்று இருந்தால் 15, டிரிப்ஸ் ஊசி இருந்தால் 20, நடை தளர்ந்திருந்தால் 10 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 125. பல இடங்களில் 45 வந்தால் அதிக அபாயம் என்று கையில் ஒரு வண்ணப் பட்டை கட்டுவார்கள்.

இப்போது நம் 74 வயதுக்காரருக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு விழுந்ததில்லை, 0. நுரையீரல் தொற்றோடு சர்க்கரையும் உண்டு, 15. டிரிப்ஸ், 20. தளர்ந்த நடை, 10. ஆக 45. மருத்துவ வார்டில் இந்த மூன்றும் இல்லாத முதியவர் எத்தனை பேர்? வார்டு முழுக்கப் பட்டை கட்டிவிட்ட பிறகு அந்தப் பட்டையால் யாருக்கும் எந்தச் சேதியும் இல்லை. இன்னொரு குறை: நின்றால் அழுத்தம் சரிகிறதா, தூக்க மாத்திரை உண்டா, கண் தெரிகிறதா, இரவில் எத்தனை முறை சிறுநீர் போகிறது என்பதெல்லாம் அந்த ஆறு கேள்விகளுக்குள் இல்லை. திருத்தக்கூடிய காரணங்களை விட்டுவிட்டு, திருத்த முடியாதவற்றுக்கு மதிப்பெண் போடுகிறோம்.

சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், விழும் வாய்ப்பை முன்கணிக்கும் மதிப்பெண் கருவிகளை மருத்துவமனையில் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னது. 65 வயதைத் தாண்டிய எல்லோரையும் அபாயத்தில் உள்ளவர்களாகவே எடுத்துக்கொள்ளுங்கள், 50 முதல் 64 வயதுக்குள் நோய் காரணமாக அபாயம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவருக்கும் எதைத் திருத்தலாம் என்று பாருங்கள் என்பது அதன் சாரம். 2022-இல் வந்த உலக வழிகாட்டுதலும் இதே வழியில்தான் போகிறது. நம் ஊரில் படிவம் இன்னும் சுகமாக வாழ்கிறது. ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட வசதியாக இருப்பது படிவம்தானே.

கருவிகளின் கதையும் ஏமாற்றமானதுதான். ஆஸ்திரேலியாவில் ஆறு மருத்துவமனைகளின் 24 வார்டுகளில், 46,245 சேர்க்கைகளைக் கொண்டு பெரிய சோதனை ஒன்றை நடத்தினார்கள். எச்சரிக்கைப் பலகை, குளியலறையில் துணை, கைக்கெட்டும் தூரத்தில் நடைக்கருவி, குறித்த நேரத்தில் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, தாழ்வான கட்டில், எழுந்தால் ஒலிக்கும் மணி என்று ஒரு தொகுப்பு. 2016-இல் முடிவு வந்தபோது விழுதலும் குறையவில்லை, காயமும் குறையவில்லை. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில் ஒலிக்கும் மணியை மட்டும் சோதித்தார்கள். மணியின் பயன்பாடு பன்மடங்கு கூடியது, விழுதல் அப்படியே இருந்தது. மணி ஒலிப்பதற்கும் நர்ஸ் ஓடி வருவதற்கும் நடுவில் மனிதர் விழுந்துவிடுகிறார். ஓடிவர ஆளே இல்லாத வார்டில் மணி எதற்கு?

எழுந்திருக்காதே என்ற கட்டளை

விழுதலைத் தடுக்க உலகெங்கும் எளிதாகத் தோன்றும் வழி, நோயாளியைக் கட்டிலிலேயே வைத்திருப்பது. தடுப்புக் கம்பியை ஏற்று, பெட்பான் கொடு, கதீட்டர் போடு, "எந்திரிக்காதீங்க" என்று அதட்டு. இதற்கு ஆகும் விலை தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்தது. அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, பட்டினியும் இல்லை. நோயும் சேர்ந்தால் கரைதல் இன்னும் வேகம். 2009-இல் வந்த மற்றோர் ஆய்வு, நடக்க முடிந்த முதிய நோயாளிகளே மருத்துவமனை நேரத்தில் 83 சதவீதத்தைப் படுத்தே கழிக்கிறார்கள் என்று கணக்கிட்டது. ஒரு வாரத்தில் தொடையும் இடுப்பும் தளர்ந்துபோகின்றன. எட்டாம் நாள் முதல்முறையாக எழுந்து நிற்கும்போது, சேர்ந்த நாளில் இருந்ததைவிட விழும் வாய்ப்பு அதிகம்.

இந்தப் போக்கைப் பணம் எப்படித் தூண்டிவிடும் என்பதற்கு அமெரிக்க அரசு முதியோருக்கு நடத்தும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் நல்ல உதாரணம். மருத்துவமனையில் விழுந்து ஏற்படும் காயத்துக்கான கூடுதல் செலவைத் தருவதை 2008 அக்டோபர் முதல் அது நிறுத்திவிட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் விழுந்தால் நஷ்டம், நடக்காமல் கிடந்து தளர்ந்தால் நஷ்டம் இல்லை என்றால் நிர்வாகம் எந்தப் பக்கம் சாயும்? விழுதல் கணக்கில் வருகிறது, சதை கரைவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நடமாட்டத்தை ஊக்குவிப்பதற்கும் விழுதலைத் தடுப்பதற்கும் இடையிலான இந்த இழுபறியைப் பற்றி அங்கே முதியோர் மருத்துவர்கள் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள்.

கட்டிலின் தடுப்புக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதன் மீது அபார நம்பிக்கை உண்டு. தெளிவான மனமுள்ளவர் உருண்டு விழாமல் இருக்கவும், பிடித்துத் திரும்பிப் படுக்கவும் அது உதவும். குழம்பிய மனதுக்கு அது ஏறித் தாண்ட வேண்டிய சுவர். தாண்டும்போது விழுந்தால் கட்டில் உயரத்தோடு கம்பி உயரமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் 1985 தொடங்கி 2009 வரை கம்பிக்கு இடையில் சிக்கிக்கொண்டதாக 803 சம்பவங்கள் பதிவாகின. அவற்றில் 480 பேர் இறந்துபோனார்கள்.

துணைக்கு இருப்பவர்

மேற்கத்திய ஆய்வுகளில் காணாத ஒருவர் நம் வார்டுகளில் இருக்கிறார். பாஸ் வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மனைவி, மகள், பேரன். தமிழ்நாட்டில் நோயாளியை எழுப்புவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் பெரும்பாலும் இவர்கள் வேலைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். துணைக்கு வருபவரே முதியவராக இருப்பது இங்கே சர்வசாதாரணம். எழுபது வயது மனைவி எழுபத்தைந்து வயதுக் கணவரின் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கப்பார்த்து, இருவரும் சேர்ந்து சரிவதும் நடக்கிறது. அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, அவரை முதலில் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காரவைக்க வேண்டும், கால் தரையில் பதிய வேண்டும், பலவீனமான பக்கத்தில் நாம் நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. எல்லாப் பொறுப்பும் அவர் மேல், பயிற்சி மட்டும் இல்லை.

கூச்சம் ஒரு பெரிய காரணம் என்பதை அபாயக் காரணிகளின் பட்டியல் எதிலும் பார்க்க முடியாது. மருமகள் துணைக்கு இருக்கும் நேரத்தில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மாமனார் எத்தனை பேர்? மகன் வரட்டும் என்று அடக்கிக்கொண்டே இருப்பார். இனி முடியாது என்ற கட்டத்தில் தனியாக எழுந்து விரைவார். அவசரத்தில் எடுத்துவைக்கும் அடிதான் தடுமாறும். பெண்கள் வார்டில் அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நீர் குறைந்தால் அழுத்தம் சரியும், மனம் குழம்பும். கூச்சத்தை மதித்தே இதற்கு வழி தேட முடியும். கேட்கும் வரை காத்திருக்காமல், சாப்பாட்டுக்குப் பின், தூங்கும் முன், விடியற்காலை என்று நேரம் வைத்து அழைத்துப்போனால், கேட்க வேண்டிய சங்கடமே அவருக்கு வராது.

கழிப்பறையோ தனி அத்தியாயம். வாசலில் ஒரு நிலைப்படி, உள்ளே எப்போதும் ஈரம், உட்கார்ந்தால் எழ முடியாத தரைப் பீங்கான், மேற்கத்திய வகை இருந்தால் பிடித்து எழச் சுவரில் கம்பி இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் பழக்கம் வேறு. உள்ளே விழுந்தவரை மீட்கக் கதவை உடைக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் ஒரு கைப்பிடிக் கம்பியும் எந்த மருத்துவமனையையும் ஓட்டாண்டியாக்கிவிடாது.

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு ஒரு மரபு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1970-களின் இறுதியிலேயே இந்தத் துறையைத் தொடங்கிவைத்தார். கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் முதியவர்களில் பெரும்பாலோர் சேர்வது மாவட்ட மருத்துவமனைகளின் பொது வார்டிலும், எலும்பு வார்டிலும், ஊர்த் தனியார் மருத்துவமனைகளிலும்தான். விழுதலும் அங்கேதான் நடக்கிறது.

நம்பிக்கை தரும் ஆய்வுகளும் இருக்கின்றன. அவை கருவியை விட்டுவிட்டு மனிதரோடு பேசுபவை. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வெளியான ஒரு சோதனையில், பயிற்சி பெற்றவர் நோயாளியோடு உட்கார்ந்து, நீங்கள் எப்படி விழக்கூடும், என்ன செய்யப்போகிறீர்கள் என்று பேசினார். தெளிவான மனமுள்ளவர்களிடம் விழுதல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குழம்பிய மனமுள்ளவர்களுக்குப் பலனில்லை, அவர்களுக்கு ஆள் துணைதான் வேண்டும். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் மூன்று மருத்துவ மையங்களில் 14 வார்டுகளில் நடந்த முயற்சி 2020-இல் வெளியானது. இந்த நோயாளிக்கு என்ன காரணம், அதற்கு என்ன ஏற்பாடு என்று கட்டிலருகே ஒரு தாளில் படத்தோடு எழுதி, நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு திட்டமிட்டார்கள். விழுதல் 15 சதவீதமும், காயத்தோடு கூடிய விழுதல் 34 சதவீதமும் குறைந்தன. குடும்பம் கட்டிலருகிலேயே இருக்கும் நம் வார்டுகளுக்கு இது அமெரிக்காவைவிடப் பொருத்தமான வழி என்பது என் எண்ணம்.

விழுந்த பிறகு

யாராவது விழுந்த சத்தம் கேட்டால் பக்கத்துக் கட்டில்காரர்கள் உட்பட நான்கு பேர் ஓடிவந்து கை கால்களைப் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிடுவது நம் வழக்கம். நல்ல மனதோடு செய்யும் கெட்ட காரியம் அது. கழுத்தோ இடுப்போ முறிந்திருந்தால் அந்தத் தூக்கல் முறிவை மோசமாக்கும். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் இடுப்பு முறிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மருத்துவமனைக்குள் நடக்கும் இடுப்பு முறிவுகளைத் தேசிய அளவில் தணிக்கை செய்கிறார்கள். நகர்த்தும் முன் காயம் பார்த்தார்களா, தட்டையான பலகையில் தூக்கினார்களா, அரை மணிக்குள் மருத்துவர் பார்த்தாரா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசுகிறாரே என்று விட்டுவிடக் கூடாது. கசிவு பல மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

அடுத்த வேலை, ஏன் விழுந்தார் என்று தேடுவது. சர்க்கரை, நின்ற நிலை அழுத்தம், இதயத் துடிப்பு, புதிய தொற்று, நேற்று மாற்றிய மருந்து. ஒருமுறை விழுந்தவர் அதே வார்டில் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் மாதக்கணக்கில் விழுதலே இல்லை என்றால் நான் மகிழ மாட்டேன். எழுதினால் திட்டு விழும் என்று நர்ஸ்கள் பயப்படும் இடமாக அது இருக்கக்கூடும்.

அபாயம் டிஸ்சார்ஜ் நாளோடு முடிவதில்லை. வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் முதியவர்கள் விழுவது அதிகம். கால்களில் வலு திரும்பியிருக்காது, அழுத்தம் நிலைப்பட்டிருக்காது, பழைய மாத்திரையும் புதிய மாத்திரையும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். வார்டில் இரண்டு இரவுக்காக எழுதிய தூக்க மாத்திரை டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஏறி, மாதக்கணக்கில் வீட்டில் தொடர்வது அடிக்கடி நடக்கிறது. சீட்டைக் கையில் வாங்கும்போதே மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடலாம். இதில் எதை எப்போது நிறுத்த வேண்டும், அழுத்த மாத்திரையின் அளவு நிற்கவைத்துப் பார்த்த பிறகு எழுதியதா, நடைப் பயிற்சிக்கு யாரிடம் போக வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் பதில் கிடைக்காது, பிசியோதெரபிஸ்ட் இருக்கும் அறையை நீங்களே தேடிப்போக வேண்டியிருக்கும்.